அந்தப் பெரிய ஆம்ப் வேண்டாம் என்றேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை இரும்புலியூரில் ரஃபி அண்ணா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

பின்னே? இரண்டு ரிகர்சலுக்கு ஆள் வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. 'கொஞ்சம் வேலை டீச்சர்' என்று ஒரே ஒரு வாட்ஸ்அப். பதினோரு வருடம் ஒன்றாக மேடையேறியவர் செய்கிற காரியமா இது?

வாரநாட்களில் நான் சேலையூரில் கணக்கு டீச்சர், வார இறுதியில் கல்யாண ரிசப்ஷன்களில் பாடுகிறவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் குழுவில் நாலே பேர். கிட்டார், ரஃபி அண்ணா. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற ராட்சத மெஷின்களுக்கு நடுவே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்.

பிரச்சினை அவருடைய ஆம்ப்ளிஃபயர். பழைய வால்வு ஆம்ப். தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதை மேடையில் பின்னால் வைத்து, கெண்டைக்கால் அதில் ஒட்டும்படி நின்றுதான் வாசிப்பார். சத்தமோ... முன்வரிசை மாமாக்கள் ஐஸ்கிரீம் கப்போடு பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். என் பாட்டு அதில் காணாமல் போகும். மண்டபத்து மேனேஜர்கள் என்னிடம்தான் வந்து முறைப்பார்கள்.

சரி, மாற்றிப் பார்க்கலாம் என்று என் வீட்டு மாடியில் ஒருநாள் உட்கார்ந்தோம். ஒன்று, அதே பெரிய ஆம்ப். இல்லையென்றால் சின்ன ஆம்ப், அதன் முன்னால் ஒரு மைக். அதுவும் இல்லையென்றால் ஆம்ப்பே வேண்டாம்... காலடியில் கிட்டார் ஒலியைப் பதப்படுத்துகிற பிராசஸர் என்று ஒரு சின்னப் பெட்டி, அங்கிருந்து ஒயர் நேராக சவுண்ட் மிக்ஸருக்கு. மண்டபத்து ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கும். வாசிக்கிறவர் காதில் இயர்போன் மாட்டிக்கொள்வார்.

கடைசி வழிதான் எனக்குப் பிடித்தது. போட்டுப் பார்த்தபோது முதல் முறையாக என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

ரஃபி அண்ணா தலையாட்டவில்லை. "சின்ன ஆம்பாவது இருக்கட்டும் டீச்சர். பின்னாடி பொட்டிலேர்ந்து காத்து அடிச்சாதான் எனக்கு வாசிக்கறா மாரி கீது."

"எல்லாரும் மாறிட்டாங்கண்ணா. நீங்கதான் பிடிவாதம் பிடிக்கறீங்க."

மற்ற இரண்டு பேரும் என் பக்கம். அவர் அந்த பிராசஸரைக் காலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சரி, உங்க இஷ்டம்" என்றார்.

அடுத்த வாரம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ரிசப்ஷன். நானே இயர்போனை எடுத்துக் கொடுத்தேன். "வலது காதுல மட்டும் மாட்டிக்கோங்கண்ணா. இடது காது திறந்திருக்கட்டும், அப்பதான் நான் சொல்றது கேக்கும்." சொன்னபடியே மாட்டிக்கொண்டார். சரியாக மாட்டியிருக்கிறாரா என்று நானே பார்த்தேன்.

இரண்டாவது பாட்டிலேயே தாளம் விட்டு ஓடினார். நாலாவது பாட்டு முடிந்து நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட்டோம் — அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தார். கூட்டத்தில் சிரிப்பு. மணப்பெண்கூடச் சிரித்தாள். அவர் கண்ணைத் திறந்து, எங்களைப் பார்த்து, தானும் சிரித்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கையில் மைக் இருப்பதை மறந்தேன்.

"என்னண்ணா, காது கேக்கலையா?"

மண்டபம் முழுக்கக் கேட்டது.

"கேக்குது டீச்சர்," என்றார்.

அதற்கப்புறம்தான் அந்த இரண்டு ரிகர்சலும், முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமையும். கதவைத் திறந்தது அவர் மனைவி நசீமா அக்கா. அண்ணா பால் வாங்கப் போயிருந்தார். வாசல் தாண்டியதுமே ஆரம்பித்துவிட்டேன்: "என்மேல கோவம்னா நேர்ல சொல்லக் கூடாதாக்கா?"

நசீமா அக்கா தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "கோவமெல்லாம் இல்ல டீச்சர். அவருக்கு வலது காது சுத்தமா போயி ரெண்டு வருசம் ஆவுது. இன்னொண்ணு பாதிதான். எல்லாம் அந்த ஃபேக்டரி சத்தம். யாராண்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினாரு. அந்தப் பெரிய பொட்டி அதிரும் இல்ல, கால்ல தாளம் தெரியுமாம். அத வெச்சுதான் சமாளிச்சுகினு இருந்தாரு."

போயே போன காதில் இயர்போனை மாட்டச் சொன்னது நான். மாட்டியிருக்கிறாரா என்று சரிபார்த்ததும் நான்.

பால் பாக்கெட்டோடு ரஃபி அண்ணா வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததுமே, "சொல்லிட்டியா?" என்றார் மனைவியிடம். இடது காது என் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"பெரிய ஆம்பையே கொண்டு வாங்கண்ணா," என்றேன் சத்தமாக. "நான் தொண்டை கிழியப் பாடிக்கறேன்."

"வேணாம் டீச்சர். இப்ப தெரிஞ்சிபோச்சு. இனிமே பாட்டுக்குப் பாட்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பாப்பீங்க. தப்பு பண்ணாகூட திட்ட மாட்டீங்க. அது பேஜாரு."

பார்ப்பேன்தான்.

இடது காதுக்கு அடுத்த மாதம் மெஷின் வருகிறதாம். பேச்சு புரியும், பாட்டு பழைய மாதிரி இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. நசீமா அக்காதான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

"எனக்குப் பதிலா புதுசா கிட்டாருக்கு ஆள் வந்தா சின்ன ஆம்பு குடுங்க. முன்னாடி ஒரு மைக்கு. உங்க பாட்டும் அடிபடாது, அவனுக்கும் பின்னாடி துணைக்கு ஒண்ணு இருக்கும்."

மாடியில் அன்றைக்கு இதைத்தான் அவர் சொன்னார். எது வேண்டும் என்று கேட்ட நான், ஏன் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒருவருக்குப் பிடிவாதக்காரர் என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் காரணம் விசாரிக்கிற வேலை மிச்சம் பாருங்கள். வீட்டில், ஆபீஸில், வகுப்பறையில்... எத்தனை பேருக்கு இப்படிப் பெயர் வைத்திருக்கிறேனோ.

கிளம்பும்போது, "மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன். வெட்கத்தில் குரலே எழும்பவில்லை.

"இன்னா டீச்சர்?"

மறுபடி சொன்னேன். விளங்கவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். மூன்றாவது தடவை கத்தித்தான் சொன்னேன். எதிர்வீட்டு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அட, அத்த வுடுங்க," என்றார். சிரிக்கத்தான் முயன்றார், உதடு ஒத்துழைக்கவில்லை.

யாருக்கும் கேட்காமல் மெதுவாக மன்னிப்புக் கேட்பது ஒரு சலுகை... எனக்கு அது கிடைக்கவில்லை. நியாயம்தானே?