அந்த ஃபில்டர் ஏன் கழலவில்லை?

"ஏத்தா மருமவளே, உங்க காலேஜுல நெச வண்டியக் காட்டுவாகளா, இல்ல படத்த மட்டுந்தான் காட்டுவாகளா?"

விருதுநகரில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கச் சேர்ந்தபோது என் தாய்மாமா கேட்ட கேள்வி இது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிப் படிப்பை முடித்ததில்லை. அப்பா கையெழுத்து போடப் பழகியதே நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம்தான். அதனால் மாமாவின் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. ஒரு நாள் வண்டிக்கு அடியில் படுத்து இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கான நாள், டிப்ளமோ முடித்த வருடம் தீபாவளி சீசனில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசல்.

அப்பாவிடம் ஒரு சின்ன லோடு வண்டி இருக்கிறது. சிவகாசியில் அட்டைப்பெட்டிகளை ஏற்றிப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்குவார். சீசனில் வண்டிக்கு ஓய்வே கிடையாது. ஆயில் மாற்ற வேண்டிய கெடு எப்போதோ தாண்டி, இன்ஜின் சத்தமே கரகரவென்று மாறியிருந்தது. மெக்கானிக் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குக் கிடா வெட்டப் போய்விட்டார். திங்கட்கிழமை காலையில் நாரணாபுரத்தில் லோடு இறக்கியாக வேண்டும். சீசனில் ஒரு நாள் வண்டி வராமல் போனால் அந்த இடத்தில் வேறு வண்டி வந்து நின்றுவிடும். அப்புறம் அந்தக் கம்பெனி நமக்கு இல்லை.

"நானே மாத்திர்றேன்ப்பா" என்றேன்.

"மெக்கானிக் வரட்டும்த்தா. நாளைக்கி ஒரு நாள் இப்பிடியே ஓட்டிக்கிருவோம்" என்றார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. கேட்ட புத்தகத்தையெல்லாம் வாங்கிக் கொடுத்தவர், இப்போது என்னை நம்பவில்லையா? ஆயிலோடு வாங்கி வைத்திருந்த புது ஃபில்டரைச் சட்டென்று எடுத்துக் காட்டி விளக்க ஆரம்பித்துவிட்டேன். பார்க்க ஒரு சின்ன டப்பா போல இருக்கும். இன்ஜினில் திருகி மாட்டிவிட்டால், ஆயிலில் சேரும் அழுக்கை வடிகட்டும். அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு.

"இந்த வளையத்துல ரெண்டு சொட்டு ஆயிலத் தடவி, கையால இறுக்கினாப் போதும்ப்பா. வெவரம் தெரியாதவங்க கை வச்ச வண்டியிலதான் இது சிக்கும்."

"அப்படியா" என்றார் அப்பா. ஒரு துணியை எடுத்துக்கொண்டு வண்டியின் முன் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

சாக்கை விரித்து அடியில் படுத்தேன். வடிகால் போல்ட் ஒரே திருப்பில் கழன்றது. கறுப்பு ஆயில் மொத்தமும் பழைய டப்பாவில் இறங்கியது. அந்த நேரம் பார்த்து மாமா வந்து, வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு இன்னும் குஷிதான். பார்க்கட்டும் என்று ஃபில்டரைப் பிடித்துத் திருகினேன்.

அசையவில்லை.

துணி சுற்றித் திருகினேன். உப்புத்தாள் வைத்துத் திருகினேன். அப்பாவின் பழைய தோல் பெல்ட்டைச் சுற்றி, அதில் ஒரு கம்பியைச் செருகி முறுக்கினேன். பெல்ட் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஃபில்டர் இன்ஜினோடு சேர்த்து வார்த்தது போல நின்றது.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் சரியான பக்கம்தான் திருப்புகிறேனா? மேலே இருந்து பார்த்தால் ஒரு பக்கம், அடியில் படுத்துப் பார்த்தால் இன்னொரு பக்கம். அதுவும் தலையை முன்பக்கம் வைத்துப் படுத்திருந்தேன். கழற்றுகிறேன் என்று இவ்வளவு நேரம் இறுக்கிக்கொண்டிருந்தேனோ? எழுந்து போய்ச் சுண்ணாம்பு எடுத்து வந்து, ஃபில்டரிலும் இன்ஜினிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு இழுத்தேன். நூலளவு நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இந்தப் பக்கம் முறுக்கினேன். அந்தப் பக்கமும் முறுக்கினேன். கோடு அப்படியே நின்றது.

"என்ன மருமவளே, படத்துல இருந்த ஃபில்டரு ஈசியாக் கழண்டுச்சோ?" என்றார் மாமா.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல மாமா."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

அப்பா பக்கத்தில் வந்து குனிந்தார். ஏதோ சொல்ல வாயெடுப்பது போல இருந்தது. "விட்டுரு தாயி, புது ஆயில ஊத்து. ஃபில்டரு பழசே இருக்கட்டும்" என்றார். நான் அடியிலிருந்தே முடியாது என்று தலையாட்டினேன். திரும்பவும் போய்க் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இவர் என்னை நம்புகிறாரா, இல்லையா? உதவிக்கு வந்தால் வர வேண்டியதுதானே? எதற்கு வருவதும் போவதுமாக இருக்கிறார்?

அந்தக் குழப்பத்தில்தான் ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஃபில்டரின் வயிற்றில் அடித்து இறக்கினேன். போனில் பார்த்த வீடியோ ஒன்றில் அப்படித்தான் செய்தார்கள். ஊடுருவிய ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பிடி போலப் பிடித்துத் திருப்பினால் கழன்றுவிடுமாம். நான் திருப்பினேன். தகரம் தாள் போலக் கிழிந்ததே தவிர, இன்ஜினோடு ஒட்டியிருந்த அடிப்பாகம் அசையவில்லை.

அப்போதுதான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அதுவரை அப்பா சொன்னபடி புது ஆயிலை ஊற்றி, பழைய ஃபில்டரோடு வண்டியை ஓட்டியிருக்கலாம். இனி முடியாது. கிழிந்த ஃபில்டரில் ஆயில் நிற்காது. ஆயில் இல்லாமல் இன்ஜினைத் தொடவே கூடாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை, படித்த நான், வாசலில் முடமாக்கி நிறுத்திவிட்டேன். நாளைக்கு நாரணாபுரத்துக்கு யார் போவது?

மாமாகூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

வேறு வழி தெரியாமல் உளியை அடிப்பாகத்தின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். இரண்டாவது அடி விழுவதற்குள் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அங்கே இரும்பும் இரும்பும் உரசினாலே உயிர் போகும் சங்கதி. அதனால் வீட்டில் யாராவது ஆணி அடித்தால்கூட அவளுக்கு ஆகாது.

"நிறுத்து நிறுத்து! என்னத்துக்கு இந்தப் போடு போடுத?"

"ஃபில்டர் சிக்கிருச்சும்மா."

"சிக்காம என்ன செய்யும்? அதுலதான் அவுக பசை வச்சிருக்காகளே. சொல்லலையா?"

சுத்தியலைக் கீழே வைத்தேன். வண்டிக்கு அடியில் இருந்து பார்த்தால் அப்பாவின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கண்ணாடி துடைப்பது நின்றுபோயிருந்தது.

"நாந்தானே டார்ச்சு பிடிச்சேன்" என்றாள் அம்மா, இன்னும் விவரம் புரியாமல்.

நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது நடந்தது அது. ஒரு நாள் நாரணாபுரம் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் குனிந்து பார்த்திருக்கிறார். வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டியிருக்கிறது. வெடிமருந்து புழங்கும் இடத்துக்குள் ஒழுகும் வண்டியை விட முடியாது என்று லோடோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, தானே புது ஃபில்டரை வாங்கி மாட்டியிருக்கிறார். இனி ஒரு சொட்டும் விழக் கூடாது என்று ரப்பர் வளையம் முழுக்கப் பசையைத் தடவி, இறுக்கு இறுக்கென்று இறுக்கியிருக்கிறார். பெட்டி ஒட்டுவது, பட்டாசுக் குழாய் ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது என்று எல்லாவற்றுக்கும் பசையை நம்பும் ஊர் எங்களுடையது. அவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

வெளியே வந்து நின்றேன். "காலையிலேயே சொல்லியிருக்கலாம்லப்பா?"

அப்பா துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "சொல்லத்தான் வந்தேன். நீதான் வெவரம் தெரியாதவங்க கை வச்ச வண்டின்னு சொல்லிட்டியே. அதுக்கு மேல எப்பிடிச் சொல்ல?"

"மச்சான், அந்த வெவரமில்லாதவரு நீங்கதானா?" என்று மாமா ஆரம்பித்தார்.

"ஏலே, நீ சும்மா இருலே" என்று அம்மா ஒரே அதட்டில் அவரை உட்கார வைத்தாள்.

பசை வைத்தது தப்புதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டி ஒரு சொட்டும் ஒழுகியதில்லை, ஒரு லோடும் திரும்பி வந்ததில்லை. நான் சொன்னது புத்தகப்படி சரிதான். ஆனால் அது அப்பாவின் வாயை அடைத்துவிட்டது. யார் பக்கம் தப்பு என்று யோசிக்க யோசிக்கக் குழப்பமாக இருந்தது. கடைசியில் அதை விட்டுவிட்டு, வேலைக்குத் தேவையானதைக் கேட்டேன்.

"என்ன பசைப்பா அது?"

"மைதாப் பசை இல்லத்தா. கடைக்காரரு கொடுத்தாரு. செவசெவன்னு அரக்கு மாதிரி இருந்துச்சு."

அரக்கு மாதிரி என்றால் சூடு பட்டால் இளகலாம். அம்மாவிடம் சோறு வடிக்கும் பெரிய பானையில் வெந்நீர் போடச் சொன்னேன். பழைய துண்டை அதில் நனைத்து, கம்பியால் தூக்கி, ஃபில்டரின் அடிப்பாகத்தைச் சுற்றி ஒற்றினேன். ஆறியதும் அடுத்த துண்டு. அப்பா இன்னொரு சாக்கை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டார். மாமா வெந்நீர் சுமந்தார். ஒரு தடவை கையில் கொட்டிக்கொண்டு, "இந்தப் பாடம் எந்த வருசத்துல வருது மருமவளே?" என்றார். இந்த முறை நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பிசின் வாசனை வந்தது. அம்மா விறகிலிருந்து ஒரு கட்டையை எடுத்து நீட்டி, "இதால அடி, இரும்பால அடிக்காத" என்றாள். உளியை விளிம்பில் சாய்த்து வைத்துக் கட்டையால் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று அப்பா என் கையைப் பிடித்தார்.

"கோட்டப் பாருத்தா."

சுண்ணாம்புக் கோடு உடைந்திருந்தது. மயிரிழைதான். ஆனால் உடைந்திருந்தது.

பிறகு அடிப்பாகம் சுலபமாகக் கழன்று வந்தது. ஒட்டியிருந்த பசையை மூங்கில் சிம்பால் சுரண்டித் துடைத்தோம். புது வளையத்தில் நான் ஆயில் தடவினேன். "நீங்களே மாட்டுங்கப்பா" என்று ஃபில்டரை அவர் கையில் கொடுத்தேன். அவர் திருகித் திருகிக் கை நின்றதும் என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். போதும் என்றதும் கையை எடுத்துவிட்டார். எடுக்க மனமே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

புது ஆயில் ஊற்றி வண்டியைக் கிளப்பினோம். டேஷ்போர்டில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. சிவகாசி பிரஸ்களில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்கள் எங்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும். அதில் ஒன்றை வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி இன்ஜினுக்கு நேர் கீழே விரித்தோம். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். இருட்டும்வரை அப்பா போய்ப் போய் அதைப் பார்த்தார். பசை இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்று அவருக்குக் குழப்பம். மறுநாள் விடிந்ததும் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறை இல்லை. தாளை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு லோடு ஏற்றக் கிளம்பினார்.

பத்து மணிக்குப் போன் வந்தது. "கம்பெனி கேட்டத் தாண்டிட்டேன்த்தா." அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது விருதுநகரில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கவுன்ட்டரில் உட்காரத்தான் எடுத்தார்கள். வண்டிக்கு அடியில் படுக்கும் வேலைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். வண்டியைக் கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்கு முன்னாடி நீங்களே எதுவும் செஞ்சு பாத்தீகளா? சொல்லுங்க, ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்." ஒருவர் டேங்க் ஒழுகலைக் குளியல் சோப்பால் அடைத்ததாகச் சொன்னார். இன்னொருவர் சொல்லாமல் வண்டியின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி யாராவது நிற்கும்போதெல்லாம், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்த அப்பாதான் எனக்கு நினைவுக்கு வருகிறார். அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் மெதுவாக மறுபடி கேட்கிறேன்.