எஸ்எஸ்டிக்கு வைத்த பொட்டு

போத்தனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஓடுகிறது. ஜாக்கெட்டின் கழுத்துக்கும் கைக்கும் நான் டிசைன் போட்டு ஏற்றிக் கொடுத்தால் மெஷின் தைத்துவிடும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மவுஸ் கைக்குப் படியவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. அதற்கப்புறம் போட்ட டிசைன் அத்தனையும் ஒரே கம்ப்யூட்டரில்தான் கிடந்தன. அக்காவின் கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டு போனவர்கள் தங்கைக்கும் அதேதான் வேண்டும் என்று வருவார்கள். அந்த ‘அதே’ இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பு இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் உள்ளேயிருந்து டக் டக்கென்று சத்தம் கொடுக்க ஆரம்பித்தது. உக்கடத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பாயிடம் நானும் வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் அதிலிருந்ததையெல்லாம் ஒரு புது எஸ்எஸ்டியில் ஏற்றிக் கொடுத்தார். சூயிங்கம் பட்டை அளவில் ஒரு சின்னத் தகடு. ஏற்றி முடித்த கையோடு பழைய டிஸ்க் ஒரேயடியாக அடங்கிவிட்டது. இனி என் டிசைன்கள் உலகத்தில் இருப்பது அந்தத் தகட்டுக்குள் மட்டும்தான்.

புதுக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய மற்ற பாகங்களையும் பாயிடமே வாங்கினோம். பூட்டித் தருகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் விடவில்லை. அவர் மோட்டார் வைண்டிங் வேலை செய்பவர்.

“அஞ்சு எச்பி மோட்டாரையே பிரிச்சு மாட்டறனுங்க பாய். இது என்னங்க, நாலு ஸ்க்ரூ.”

“சரிங்க, மாட்டுங்க,” என்ற பாய் என் பக்கம் திரும்பினார். “எஸ்எஸ்டில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் மேல மட்டும் ஒண்ணும் பட்றாம பாத்துக்கங்கம்மா. அழிஞ்சுதுன்னா வாரண்டி தர மாட்டாங்க.”

இதைப் போய் என்னிடம் சொல்லலாமா? வழியெல்லாம் அந்த ஸ்டிக்கரே என் கண்ணுக்குள் நின்றது.

புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் நாங்கள் வேலைக்கு எடுப்பதில்லை. கிரைண்டருக்கு வைத்தேன், எம்பிராய்டரி மெஷினுக்கு வைத்தேன். இதற்கு வைக்காமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்து, பெட்டிக்கு ஒரு பொட்டு, மானிட்டரின் காலுக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே வந்தேன். எஸ்எஸ்டியிடம் வந்ததும் கை நின்றது. ஒரு பக்கம் முழுக்க ஸ்டிக்கர். மறுபக்கம் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள். ஓரத்தில் மட்டும் ஜரிகைக் கரை போலத் தங்க நிறத்தில் ஒரு வரிசை, பார்க்க மங்களகரமாக இருந்தது. ஸ்டிக்கருக்கும் சேதமில்லை. அங்கேயே சந்தனத்தைத் தொட்டு வைத்தேன். அது காய்ந்த பிறகுதான் அவர் கையில் கொடுத்தேன்.

பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஏதோ இங்கிலீஷில் இரண்டு வரி வந்து நின்றுவிட்டது. நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் பாய்க்குப் போன் போட்டார். உள்ளே என்னென்ன மாட்டியிருக்கிறது என்று காட்டும் பயாஸ் என்கிற பக்கத்தைத் திறக்கச் சொன்னார் பாய். ராம் தெரிந்தது, விசிறி தெரிந்தது. டிரைவ் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

“கழட்டி மறுபடி மாட்டுங்க. சாய்ச்சுச் சொருகிட்டு அப்புறம் அமுக்கணும்.”

மாட்டினார். தெரியவில்லை. ஸ்க்ரூ அதிகம் இறுகிவிட்டதோ என்று தளர்த்தினார். தெரியவில்லை. போர்டில் இன்னொரு ஸ்லாட் இருந்தது, அதில் மாற்றினார். அதிலும் இல்லை. ஸ்கூட்டரில் வரும்போது குழியில் இறங்கினோமே, அதில் உடைந்திருக்குமோ? வெயிலில் வைத்துவிட்டேனோ? ஒரு டிசைனில் கொடியின் இலை எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒரு வாரம் மெனக்கெட்டது நினைவுக்கு வந்தது.

“ஏனுங்க, போயிருச்சுங்களா?”

“வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு அம்மணி. உன்ற பயத்துலயே அது ஒளிஞ்சுக்குது.”

போன் ஸ்பீக்கரில் பாய் சிரித்தார். பிறகு கேட்டார்: “அந்தத் தங்கக் கலர்ல பல்லுப் பல்லா இருக்குமில்லீங்க, அது சுத்தமா இருக்குதா பாருங்க. கரண்டு, சமாச்சாரம் எல்லாம் அது வழியாத்தான் போகோணும்.”

வீட்டுக்காரர் தகட்டை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தங்கப் பல்லுக்கு மேலே மஞ்சளாக ஒரு படலம். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பாய், கேளுங்க இந்தக் கூத்த. இதுக்குப் பொட்டு வெச்சுப்போட்டாங்க.”

“எதுக்குங்க?”

“எஸ்எஸ்டிக்குங்க!”

கடையில் இருந்தவர்களுக்கும் பாய் சொல்லியிருப்பார் போல, போனில் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

“ஸ்டிக்கர்ல பட வேண்டாம்னு நீங்கதானுங்க பாய் சொன்னீங்க,” என்றேன். அழுகையும் வந்தது.

“அழாதீங்கம்மா, இதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. தொடச்சாப் போதும்.”

“என்ற பட்டறைல தின்னர் இருக்குது, எடுத்துட்டு வாரேன்,” என்று எழுந்தார் இவர்.

“தின்னர் வேண்டாங்க! சாமி, உக்காருங்க நீங்க!” பாய் கத்தின கத்தில் போன் அதிர்ந்தது. “பென்சில் அழிக்கிற ரப்பர்ல மெதுவா தேயுங்க. அப்புறம் மெடிக்கல்ல ஸ்பிரிட் வாங்கித் தொட்டுத் தொடைங்க.”

இந்தத் தடவை நானே கையில் எடுத்தேன். டிசைன் வரையும் பென்சிலின் ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். தெரு முனை மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். சந்தனத் தூள் ஸ்லாட்டுக்குள்ளும் உதிர்ந்திருக்குமே என்ற அடுத்த கவலை வந்தது. கரண்டை நிறுத்திவிட்டு, மெஷினில் நூல் பிசிறு தட்டும் சின்னப் பிரஷ் ஒன்றைப் புதிதாகப் பிரித்து இரண்டு ஸ்லாட்டையும் தட்டினேன். எல்லாம் காய்ந்ததும் அவர் சாய்த்துச் சொருகி அமுக்கினார். அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயாஸில் டிரைவ் என்ற இடத்தில் ஒரு பேர் வந்தது. என் வாயில் நுழையாத எழுத்தும் நம்பருமான பேர். அவ்வளவு அழகான பேரை நான் படித்ததில்லை.

கொஞ்ச நேரம் வட்டம் சுற்றிவிட்டு என் பழைய திரையே வந்தது, நான் வைத்திருந்த ரோஜாப் படத்தோடு. முதல் ஃபோல்டரைத் திறந்தேன். ஒரு கழுத்து டிசைன் கட்டம் கட்டமாக எழும்பி நின்றது. உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கி, நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

“இருக்குதா?” என்றார் பாய்.

“இருக்குதுங்க பாய்!”

“இன்னைக்கே வேற எதுலயாச்சும் இன்னொரு காப்பி போட்டு வெச்சுக்கங்க.”

காப்பி போடுவதற்கு முன்னால் எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? ஒன்று விடாமல் திறந்தேன். யாரும் கேட்காத பழைய டிசைன்கள், பாதியில் விட்டவை, தையல் தப்பி நூல் அறுந்தவை என்று எல்லாமே வந்திருந்தன.

“பசிக்குது அம்மணி. ரசமாவது வெய்யி,” என்றார் வீட்டுக்காரர்.

“இன்னும் ரெண்டு ஃபோல்டருதானுங்க,” என்றேன். அவர் சமையலறைக்குப் போய் அரிசியைக் களைய ஆரம்பித்தார்.