பெரில் கேட்ட பார்

சனிக்கிழமை பின்னேரம் நகுலேஸ்வரி பெரிலின் கால்களுக்குக் கிறீம் தடவிக்கொண்டிருந்தாள். குதிகாலில் அழுத்தமாக, விரலிடுக்குகளில் படாமல். லண்டன் மோர்டனில் பதினெட்டு வருடமாக முதியவர்களைப் பராமரிப்பவள்.

“பார் இல்லாமல் நாளைக்கு நான் வரமாட்டேன்,” என்றாள் பெரில், மூன்றாவது நாளாக.

மறுநாள் போர் நினைவுநாள். பெரிலின் தந்தை இரண்டு உலகப் போர்களிலும் வீரத்துக்காகக் கௌரவிக்கப்பட்டவர். நினைவுத்தூணடியில் அவர் பெயரை வாசிக்கும்போது, அவருடைய பதக்கத்தோடு மகள் முன்வரிசையில் இருக்கவேண்டும். மகளுக்கு வயது தொண்ணூற்றிரண்டு. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற வயதல்ல.

நகுலேஸ்வரி குசினிக்குள் போய்க் கணவர் தேவராசாவுக்குப் போன் எடுத்தாள்.

“இஞ்சாருங்கோ, இந்த மனிசி பார் வேணுமெண்டு அடம்பிடிக்குது.”

“இந்த வயசில பாருக்கோ? ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு போமன். எனக்கும் ஒரு கதிரை பிடிச்சு வையும்.”

“உங்களிட்டைப் போய்க் கேட்டன் பாருங்கோ!”

திரும்பி வந்து, ஞாயிறு காலையில் பார் ஒன்றும் திறக்காது என்று பெரிலுக்கு விளக்கினாள். பெரில் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றது. அதைச் சரிசெய்துகொண்டு அப்பாவின் படத்தைக் காட்டினாள். பதக்கம் தொங்கும் நாடாவின் குறுக்கே ஒரு சின்ன வெள்ளித் தகடு. அதன் பெயர்தான் பார்; பதக்கத்திலிருந்து கழன்று எங்கேயோ தொலைந்துவிட்டது. ஒரே பதக்கத்தை இரண்டாம் முறையும் வென்றவருக்கு இன்னொரு பதக்கம் கிடையாது, இந்தத் தகடுதான். 1917இல் காயப்பட்ட மூவரைக் குண்டுமழைக்குள் சுமந்து வந்ததற்குப் பதக்கம். 1940இல், நாற்பத்திரண்டு வயதில், ஒரு பாலத்தைத் தனியே நின்று காத்ததற்குத் தகடு.

“அது இல்லாவிட்டால் அப்பா ஒருமுறைதான் துணிந்தவர் என்று ஆகிவிடும், நாக்கு.” நகு என்ற பெயர் பெரிலின் வாயில் எப்போதும் நாக்குதான்.

நகுலேஸ்வரிக்குத் திக்கென்றது. சித்திரையில் ஹீற்றருக்குக் கீழே கிடந்த வெள்ளித் தகட்டை, திரைச்சீலைக் கொளுவி என்று நினைத்துத் தன் சேலை ஊசி டப்பாவில் போட்டவள் அவளேதான். கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் கொட்டினாள். ஊசிகளுக்கு நடுவே அது கிடந்தது.

“நான்தான் எடுத்து வைத்தேன், பெரில். மன்னித்துக்கொள்.”

“திருடி! இறுக்கித் தை.”

இறுக்கித்தான் தைத்தாள்.

மறுநாள் காலை, பதக்கத்தைக் கோட்டின் இடப்பக்கம் குத்தப்போன கையைப் பெரில் தட்டிவிட்டாள். இடப்பக்கம் வென்றவருக்கு, பிள்ளைகளுக்கு வலப்பக்கம். முன்வரிசையில் சக்கரநாற்காலி நின்றது. தேவராசா குடை பிடித்தார். ஒலிபெருக்கியில் தந்தையின் பெயரும் “இரண்டு முறை” என்ற சொல்லும் கேட்டதும், பெரில் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். நகுலேஸ்வரி ஒரு கையால் அவள் முழங்கையைத் தாங்கி, மறுகையால் தகடு தெரியும்படி சால்வையை விலக்கிவிட்டாள்.