டியூ முடியாத வண்டி

இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து எங்களை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தவரே அப்பாதான். வேறு வழி இல்லை. எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். அம்மா பின்சீட்டில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நான் முன்னால், அப்பாவுக்கு இடது பக்கம். சர்க்கரை முற்றி இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போய்விட்டது, வலது கண்ணும் பாதிதான் என்று டாக்டர் படம் காட்டி விளக்கியிருந்தார். அதனால் நான் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "ப்பா, சைக்கிள். ப்பா, ஆடு. ப்பா, அந்தம்மா குறுக்க வருது பாரு."

"நீ கிளீனர் வேலைக்குப் போயிடு பாப்பா. நல்லா வரும் உனக்கு," என்றார் அப்பா.

சிரித்துவிட்டேன். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது வண்டி ஒரு மின்கம்பத்தை உரசாமல் உரசிக்கொண்டு போனது. அப்பாவுக்கு அது தெரியவே இல்லை. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மஞ்சள் போர்டு வண்டி அது. ஏழு பேர் உட்காரலாம். அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடியபோது கையில் வந்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டு வாங்கினார். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களை பீச், சர்ச், போட் ஹவுஸ் என்று சுற்றிக்காட்டுவார். மாதா மாதம் டியூ. ஓட்டினால்தான் டியூ கட்ட முடியும். டியூ இருக்கிறவரை ஓட்டித்தான் ஆக வேண்டும். இந்த வட்டத்துக்கு வெளியே அப்பாவைக் கொண்டுவர எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கடனை முன்கூட்டியே முடித்து வண்டியை விற்பது. சாவியை ஒளித்துவைப்பதெல்லாம் அவரிடம் நடக்காது. வாசலில் வண்டி நிற்கிறவரை ஓட்டுவார். ஒருநாள் யாரையாவது சாகடிப்பார், அல்லது அவரே சாவார்.

வாங்க ஆள் சீக்கிரமே கிடைத்தார். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் வைத்திருப்பவர். வந்து, வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்து, எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டு, "வண்டி சுத்தமா இருக்குதுண்ணே. ஆனா ஆர்.சி.யில ஃபைனான்ஸ்காரன் பேரு இருக்கே. முடிச்சி, பாக்கி இல்லன்னு என்.ஓ.சி. வாங்கி வெச்சிட்டு போன் போடுங்க. நான் மாசக் கடைசிவரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற வண்டி எடுத்துடுவேன், கோவிச்சிக்கக் கூடாது," என்றார்.

அம்மாவின் நகையை அடகு வைத்துக் கடனை முடிப்பது, வண்டியை விற்று நகையை மீட்பது. திட்டம் என்னுடையது. லாஸ்பேட்டையில் பி.காம். படித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு போய்க்கொண்டிருந்தேன். இந்த மாதிரிக் கணக்கு என்றால் எனக்குக் கொண்டாட்டம். அசல் எவ்வளவு மிச்சம், முன்கூட்டியே முடித்தால் ஒப்பந்தப்படி எவ்வளவு சதவீதம் கூடுதல் என்றெல்லாம் போட்டுப் பார்த்து ஒரு தொகையை எழுதி எடுத்துக்கொண்டு அப்பாவோடு நூறடி ரோட்டில் இருந்த ஃபைனான்ஸ் கிளைக்குப் போனேன். அவர்கள் சொன்ன தொகை என் தொகையை விட ஏறக்குறைய மூன்று டியூ அளவுக்கு அதிகமாக இருந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்த அதிகாரி என்னை விட நாலைந்து வயதுதான் பெரியவர். கழுத்தில் அடையாள அட்டை. தூங்காத முகம்.

"இது என்ன சார், விசிட் சார்ஜ்?"

"கலெக்‌ஷன் ஸ்டாஃப் வீட்டுக்கு வந்தா போடுவோம் மேடம். ஒவ்வொரு விசிட்டுக்கும்."

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தார். "எங்க வீட்டுக்கா? அந்த சிவப்பு ஹெல்மெட் தம்பியா? அது டீ குடிச்சிட்டுப் போவும்ப்பா. தீபாவளிக்கு வீட்டுல முறுக்கு கட்டிக் குடுத்தாங்க. அதோட அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு மணி நேரம் உக்காந்து அழுதுட்டுப் போச்சு."

"அது பர்சனல் சார்."

"அப்ப டீக்கும் முறுக்குக்கும் நாங்க பில்லு போடலாமா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே தலைக்கு மேலிருந்த கேமராவைப் பார்த்து முகத்தைச் சரிசெய்துகொண்டார். "அது மட்டும் இல்ல மேடம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்னு வரிசையா பவுன்ஸ் ஆயிருக்கு. வருஷா வருஷம். அதுக்கு சார்ஜ், அபராதம்…"

"பவுன்ஸா?" அப்பா எழுந்தே விட்டார். "நான் தை மாசமே சேத்துக் கட்டிட்டேனே!"

அப்போதுதான் எனக்கே புரிந்தது. பஞ்சாலையில் தொழிலாளர் கடன் சங்கம் ஒன்று இருந்தது. போனஸ் வந்தால் இரண்டு மூன்று மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஆலைக்குப் பஞ்சு வராமல் லே-ஆஃப் விட்டால், சங்கத்து ஆள் அந்த மாதங்களில் பிடித்தம் செய்யமாட்டார். யாரும் எழுதிக் கேட்கவும் வேண்டாம். இரண்டு பக்கமும் தெரிந்த ஏற்பாடு. அப்பாவுக்குக் கடன் என்றால் அப்படித்தான். புத்தாண்டு, பொங்கல் சீசனில் கையில் பணம் புரளும்போது சிவப்பு ஹெல்மெட்டிடம் மூன்று டியூவைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, "மழை வெயிலுக்குச் சேத்துக்கோ தம்பி" என்பார். அவரும் ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் திறந்து சவாரி குறையும் மாதங்களில் அப்பா நிம்மதியாக வங்கிக் கணக்கைக் காலியாக வைத்திருப்பார். கம்பெனி அந்த மாதமும் கணக்கில் கையை விடும். ஒன்றும் இருக்காது. பவுன்ஸ். அதை விசாரிக்க சிவப்பு ஹெல்மெட் வரும். டீ குடிக்கும். விசிட் சார்ஜ்.

"அந்த எக்ஸ்ட்ரா பணம் சிஸ்டத்துல தனியா நிக்கும் சார்," என்றார் அதிகாரி. "எந்த மாசத்துக்குன்னு நீங்க பிராஞ்சுக்கு லெட்டர் குடுத்திருந்தா அட்ஜஸ்ட் பண்ணியிருப்போம்."

"பணம் வாங்க வூட்டுக்கு வர்றீங்க. லெட்டர் வாங்க மட்டும் வர மாட்டீங்களா?" என்றார் அப்பா.

அப்பா வெளியே வந்து வண்டிக் கதவைத் திறக்க இரண்டு முறை தடவினார். "ஒரு ரூபா சேத்துக் கட்டாத பாப்பா. நான் என்னா திருடனா? முன்னாடியே குடுத்தவன் பேருல பாக்கின்னு எழுதி வெச்சிருக்கானுங்க."

கட்டுகிற எண்ணம் எனக்கும் இல்லை. அன்று ராத்திரியே கம்பெனியின் குறைதீர்ப்பு முகவரிக்கு எழுதினேன். அவர்கள் பதில் தராவிட்டால் அடுத்து யாருக்கு எழுதுவது, அதற்கும் மேலே யார் என்றெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். ரசீதுகளைப் படமெடுத்து, கட்டிய மாதம் பவுன்ஸ் ஆன மாதம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பதில் வரும். இரண்டு நாள் கழித்து "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இன்னொன்று வரும். என்ன தீர்ந்தது என்று இருக்காது. மறுபடி திறப்பேன். வகுப்பில் தோழிகளிடம் இதைச் சொல்லும்போது எனக்கு உற்சாகமாகவே இருந்தது. கண்டிப்பாக ஜெயிக்கிற கேஸ் என்று தோன்றியது.

அப்பா இதற்கிடையில் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். சனி ஞாயிறுகளில் நான் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். வந்தவர்கள், "இவங்க யாரு?" என்று கேட்டால் அப்பா அசராமல், "கைடுங்க," என்பார். நானும் ஒரு பக்கம் சர்ச் பற்றி எதையோ சொல்லிக்கொண்டு, மறு பக்கம் அவர் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பேன். ஒரு தட்டு என்றால் ஆள். இரண்டு என்றால் வண்டி. வாரநாட்களில் சவாரி எடுக்க மாட்டேன் என்று அம்மாவின் தலையில் அடித்து அப்பா சத்தியம் செய்திருந்தார்.

ஒரு புதன்கிழமை நான் வகுப்பு முடிந்து வந்தபோது வாசலில் வண்டி இல்லை. மகாபலிபுரம் ரிசார்ட்டில் ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லா இருட்டிய பிறகு வந்தார். எப்போதும் போல ஹாரன் அடிக்கவில்லை. இடது பக்க விளக்கு உடைந்திருந்தது. பம்பர் அந்த மூலையில் உள்ளே போயிருந்தது.

"என்னாப்பா இது?"

"எதுவோ தட்டுச்சு."

"எது?"

"தெரில."

"எங்க?"

"கனகசெட்டிகுளம் தாண்டி. காலாப்பட்டுக்கு முன்னாடி. மங்கல் நேரம்."

"நிறுத்தலியா?"

"நிறுத்துனேன். எறங்கிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல." உடைந்த விளக்கைக் கையால் தடவினார். பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியல பாப்பா," என்றார்.

போன் வெளிச்சத்தில் நான் பம்பரைப் பார்த்தேன். ரத்தம் இல்லை. முடி இல்லை. ஒரு கை நீளத்துக்கு நீலப் பெயின்ட் கீறல் மட்டும் இருந்தது. எங்கள் வண்டி வெள்ளை. சாலையோரத்து போர்டும் நீலமாக இருக்கும், தண்ணீர் ட்ரம்மும் நீலமாக இருக்கும், சைக்கிளும் நீலமாக இருக்கும்.

விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். காலாப்பட்டு தாண்டி மெதுவாக, சாலையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு. கண்ணாடித் தூள் ஓரிடத்தில் கிடந்தது. எந்த வண்டியினுடையதோ. முள்ளுச் செடிக்குப் பின்னால் பள்ளம். இறங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் கவர், ஒற்றைச் செருப்பு. ஆண் செருப்பு, பழையது. எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை.

"அண்ணா, நேத்து சாயந்தரம் இங்க ஏதாவது ஆக்சிடென்ட் ஆச்சா?"

"தெனம் ஆவுது. நீ எதைக் கேக்குற?" என்றார் டீ ஆற்றிக்கொண்டே. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, உங்க ஆளுங்க யாராச்சுமா?"

"இல்லண்ணா."

"சைக்கிள்ல போன ஒருத்தரை ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்க. அது நேத்தா, முந்தாநாளா… இருடா, அது எப்படா?" என்று உள்ளே யாரையோ கேட்டார். உள்ளே இருந்தவர் செவ்வாய்க்கிழமை என்றார். இல்லை, நேற்றுதான் என்றார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவர்கள் அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கிளம்பிவிட்டேன். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போய் என்னவென்று கேட்பது? கேட்டால், நீ யார் என்று திருப்பிக் கேட்பார்கள். நான் உள்ளே போகவில்லை. போலீஸுக்கும் போகவில்லை.

அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு அடகுக் கடைக்கும், பிறகு ஃபைனான்ஸ் கிளைக்கும் போனேன்.

"முழுசா கட்டிடறேன் சார். எல்லா சார்ஜும் சேர்த்து."

அதிகாரி ஆச்சரியப்பட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், உங்க கம்ப்ளைன்ட் ஹெட் ஆபீஸ்ல மேல போயிருக்கு. நல்லா எழுதியிருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சு விசிட் சார்ஜ் எடுத்துடுவாங்க, பவுன்ஸும் பாதி குறையும். ஒரு வாரம் பொறுங்களேன்," என்றார். உண்மையாகவே நல்லதுக்குத்தான் சொன்னார்.

"பொறுக்க முடியாது சார்."

"அப்ப புகார் எதுவும் இல்லைன்னு ஒரு லெட்டர் எழுதித் தரணும். இல்லைன்னா சிஸ்டத்துல என்.ஓ.சி. ஜெனரேட் ஆகாது."

அவர் வாசகத்தைச் சொன்னார், நான் எழுதினேன். இந்தக் கடன் தொடர்பாக எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை, வசூலிக்கப்பட்ட அனைத்தும் சரியானவை, இனி எங்கேயும் கோரிக்கை வைக்கமாட்டோம். கையெழுத்து அப்பாவுடையது வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பா படித்துக் காட்டச் சொல்லவில்லை. "எங்க போடணும்?" என்றார். இடத்தில் அவர் விரலை வைத்தேன். போட்டார்.

என்.ஓ.சி. வர இன்னும் சில நாள் ஆனது. அந்த நாட்களில் அப்பா சாவியைத் தொடவில்லை. மெக்கானிக் வந்து புது விளக்குப் போட்டு பம்பரை இழுத்துவிட்டுப் போனார். நீலக் கீறலை அப்பாவே தேய்த்தார். துணியில் பாலிஷைத் தொட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, விரலால் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து.

"போயிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம்."

மறுபடி தேய்த்தார். "இப்ப?"

"போயிடுச்சுப்பா."

மேட்டுப்பாளையத்துக்காரர் மாசக் கடைசிக்கு முன்பே வந்து பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போனார். விளக்கு புதுசு என்பதைக் கவனித்து, "செலவு பண்ணிக் குடுத்திருக்கீங்களேண்ணே," என்று சந்தோஷப்பட்டார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விசிட் சார்ஜ் தவறாக விதிக்கப்பட்டிருப்பது தெரியவந்ததாகவும், ஆனால் புகார் இல்லை என்று வாடிக்கையாளரே எழுதிக் கொடுத்துவிட்டதால் திருப்பித் தர இயலாதென்றும் எழுதியிருந்தார்கள். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

வண்டி போன அன்று சாயங்காலம் அவர் கேட்டது வேறு. வாசலில் வண்டி நின்ற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்கூட்டரை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"மறுநாள் காலைல நீ அந்தப் பக்கம் போனியா?"

"போனேன்."

"யாரையாச்சும் கேட்டியா?"

"கேட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பி, அடுத்ததைக் கேட்கப் போகிறவர் போல வாயைத் திறந்தார். நான் ஸ்கூட்டரைப் பிடித்தபடி நின்றேன். பிறகு அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை, நான் ஸ்கூட்டரை விடவில்லை.