டோரதியின் திருப்பாடுகள்

டோரதிக்குத் தாளம் கற்றுக்கொடுத்தது அவள் அப்பாவின் பெல்ட். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த சவரிநாதன் ஞாயிறு காலையில் கோயிலில் ஆர்கன் வாசிப்பார். மற்ற நாட்களில் குடித்துவிட்டு வந்து மகளை ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார வைப்பார். சுரம் தப்பினால் முதுகில் விழும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவார். அடுத்தது எப்போது என்று அந்த இடைவெளியைக் காத்துக் காத்தே அவள் உடம்பில் காலக்கணக்கு ஊறிப்போனது.

குவார்ட்டர்ஸ் சுவர் என்ன கோட்டைச் சுவரா? எல்லோருக்கும் கேட்கும். கேட்டதும் பக்கத்து வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். ஒருவரும் வந்து கதவைத் தட்டியதில்லை. மறுநாள் குழாயடியில், அடியாத மாடு படியாது என்று பேசிக்கொள்வார்கள். அந்த வாய்களுக்கு ஆளுக்கொரு அறை கொடுத்திருக்க வேண்டும்.

சவரிநாதன் செத்தபோது டோரதி அழவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பகலில் பள்ளியில் பியானோ டீச்சர். வீட்டுக்கு வந்தால் வயலின்களுக்கும் செல்லோவுக்கும் பியானோவுக்கும் மேற்கத்திய செவ்வியல் இசை எழுதிக்கொண்டிருப்பாள். இசையமைக்கிறாள் என்று சொன்னால் "எந்தப் படத்துக்கு?" என்று கேட்கும் ஊரில் அதை யார் வாசிப்பது? எழுதியதெல்லாம் அலமாரியில் கிடந்தது.

தலை நரைத்த பிறகுதான் வேளை வந்தது. அரியமங்கலம் பக்கத்துப் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளி மாலை ஏசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கா நாடகத்துக்கு இசை வேண்டுமென்று பங்குச் சாமியார் கேட்டார். அவள் ‘திருப்பாடுகள்’ எழுதினாள். ஸ்ரீரங்கத்திலிருந்து பிரேமலதா தன் வயலின் மாணவிகளோடு வந்தாள். வாழ்நாளில் முதன்முறையாகத் தன் இசையை ஊர் கேட்கப்போகிறது என்று டோரதிக்கு வாரக்கணக்கில் சோறு இறங்கவில்லை.

ஏசுவைத் தூணில் கட்டி அடிக்கும் காட்சிக்கு அவள் வைத்த தாளம் அப்பாவுடையது. அடி, மூச்சு, அடி. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடிக்கும் ரோமச் சேவகன் வேடத்து அருள்தாஸ் ஒத்திகையில் இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டான். சிவப்புச் சாயத்தில் நனைத்த சணல் சாட்டை; வலிக்காது. ஏசுவாக நடித்த பிரவீன்ராஜ் அடி விழும்போது நீண்ட ஒரு சுரத்தில் கதற வேண்டும். அந்தச் சுரத்துக்காக அவனை அவள் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

அன்று மாலை மைதானம் நிரம்பியிருந்தது. தாளம் எழுந்தது, சாட்டை இறங்கியது, பிரவீன்ராஜ் கதறினான். சுரம் தப்பியிருந்தது.

டோரதிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தும் இந்தப் பயல் கெடுக்கிறானே என்று பல்லைக் கடித்தாள். அடுத்த அடிக்கு இன்னும் கேவலமாகக் கத்தினான். பாடகர் வரிசையில் நின்ற அருள்தாஸின் தங்கை ஜென்சி பாட்டை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், அண்ணன் நிஜமா அடிக்கிறான். நானும் பிரவீனும் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

சணலுக்குள் கேபிள் வயரை முறுக்கி வைத்திருந்தான் அருள்தாஸ். கீழத்தெருப் பையன் தங்கையைத் தொட்டுவிட்டானாம். பிரவீன்ராஜின் முதுகில் தோல் பிய்ந்து தொங்கியது. முன்வரிசைப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு "ஆண்டவரே" என்று அழுதார்கள். நடிப்பு அத்தனை தத்ரூபம் என்று நினைத்தார்கள்.

டோரதி தாளம் காட்டிக்கொண்டிருந்த கையை மூடினாள். வயலின்கள் நின்றன. இசை நின்றால் அருள்தாஸும் நிறுத்துவான் என்று நம்பினாள். அந்த நிசப்தத்தில் அடுத்த அடி மிகச் சரியாகத் தாளத்தில் விழுந்தது.

இரும்பு மியூசிக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மேடையேறினாள்.

"இது எங்க குடும்ப விஷயம். இறங்குங்க டீச்சர்" என்றான். சாட்டை அவள் கன்னத்தைக் கிழித்தது. அவள் விலகவில்லை. அவன் எப்போது மூச்சு வாங்குவான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்த இடைவெளியில் நுழைந்து முழங்காலில் ஓங்கி ஒரு போடு போட்டாள். எலும்பு முறியும் சத்தம் மைதானத்துக்கே கேட்டது. கீழே விழுந்தவனை மறுபடி அடிக்கக் கை தானாக எழுந்தது. அது சவரிநாதனின் கை. ஸ்டாண்டைத் தூர எறிந்தாள்.

பிரவீன்ராஜின் முதுகைத் தைத்து அனுப்பினார்கள். அவனும் ஜென்சியும் துறையூரில் குடியிருக்கிறார்கள். அருள்தாஸ் மேல் வழக்கு நடக்கிறது.

மறு வருடம் பங்குச் சாமியார் வீடு தேடி வந்தார்.

"டீச்சர், அந்த அடிக்கிற இடத்தை ஜனங்க இன்னும் மறக்கல. ஆளை மாத்திட்டோம். அதே மியூசிக் போட்டுடுங்க."

"அதே மியூசிக்தான் ஃபாதர். கொஞ்சம் சேர்த்திருக்கேன்."

பியானோவில் வாசித்துக் காட்டினாள். அடி, மூச்சு, அடி. மூன்றாவது அடி விழவேண்டிய இடத்தில் பியானோவின் மரப்பலகையை முஷ்டியால் தட்டினாள். விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். கன்னத்துத் தழும்பின் மேல் கண்ணீர் ஓடியது. அடித்தாளம் திரும்ப வரவில்லை.

சாமியாருக்கு விளங்கவில்லை. "இது என்ன டீச்சர், யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கு? வேதத்துல அப்படி யாரும் வரலியே."

"வரல ஃபாதர்" என்றாள் டோரதி. "வந்திருக்கணும்."