வழி தெரிந்த கட்டை

கண்ணுங்களா, இந்த வீட்டைக் காலி செய்யப்போகிறோம் என்று சொன்ன நாளாக நீங்கள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறீர்கள். தாத்தா வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்றுதான் எழுதி வைக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி எங்கள் குப்பம். எழுபதுகளில் கற்கோயில்களைப் பார்க்க வெளியூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் நிறைய வரத் தொடங்கினார்கள். அவர்கள் தங்கக் கடலைப் பார்த்தபடி ஒரு ஓட்டல் வேண்டுமாம். ஒருநாள் நாலைந்து பேர் வந்து எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பவர்கள் ரோட்டைத் தாண்டி, சவுக்குத் தோப்பை வெட்டிய இடத்துக்குப் போய்விட வேண்டும். கட்டுமரங்களை மட்டும் கரையிலேயே வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து வயிறெரிந்து நின்றார்கள். நாங்கள் அதை வைத்துப் பாண்டி ஆடினோம்.

ஒவ்வொரு குடும்பமாகக் கூரையைப் பிரித்து, ஓலையையும் கழியையும் தலையில் சுமந்து ரோட்டைத் தாண்டியது. என் அத்தை மட்டும் அசையவில்லை.

அத்தை என்றால் எங்கள் நைனாவின் தங்கை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். முந்தின வருஷம் ஐப்பசிக் காற்றில் கடலுக்குப் போன மாமா திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அவருடைய கட்டுமரத்தின் கட்டைகளில் ஒன்று மட்டும், கொஞ்ச நாள் கழித்து, எங்கள் கரையிலேயே வந்து ஒதுங்கியது.

கட்டுமரம் ஒரே மரமல்ல. சில கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டு, மறுநாள் மறுபடி கட்டுவார்கள். ஆனால் ஆளைக் கொண்டுபோன மரத்தின் கட்டையை எங்கள் ஊரில் யாரும் திரும்பக் கட்டமாட்டார்கள். அடுப்பிலும் வைக்கமாட்டார்கள். அது கிடந்து மக்க வேண்டியதுதான். அத்தை அதை உருட்டிக்கொண்டுவந்து தன் வாசலில் போட்டுக்கொண்டாள். கருமாதி செய்துவிடலாம் என்று ஊர் சொன்னபோது, "உடம்ப கண்டியா நீ?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்தாள். தினமும் காலையில் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் மீன்கூடையைத் தூக்கினாள்.

கட்டை வராமல் தானும் வரமாட்டேன் என்றாள். அதைத் தொட ஆள் இல்லை. விட்டுப்போனதையெல்லாம் அறுத்து அடுப்புக்குப் போடுவேன் என்று ஓட்டல் மேஸ்திரி வேறு சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை கட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமே, கட்டைக்கும் ஒரு மனை கேப்பியா?" என்று கேலி செய்தார் பக்கத்து வீட்டுக்காரர்.

"உனக்கே குடுத்துட்டானுங்க. கட்டைக்கு மாட்டேன்னா சொல்லப்போறானுங்க?"

நைனா சமாதானம் பேசப் போனார். அந்தச் சமயம் அவருடைய கட்டுமரத்திலும் ஒரு கட்டை உளுத்துப்போய், வேறு ஆட்கள் மரத்தில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ண்ணா, உன் மரத்துக்கு ஒரு கட்டை கொறையுதில்ல? இத்த எடுத்துக் கட்டு."

நைனா வாயிலிருந்து பீடியை எடுத்தார். மறுபடி வைக்கவில்லை. அவருக்கு முன்னால் அம்மா பாய்ந்தாள். "உன் வூட்டுக்காரர முழுங்கினது பத்தாதாமே அதுக்கு? என் புருசனையும் அனுப்பிப் பாக்கப்போறியா?"

"எனக்கு மட்டும் இன்னா, பத்து அண்ணனா கீறாங்க?" என்றாள் அத்தை. "அன்னிக்குப் போன கட்டை எல்லாம் எங்கியோ பூட்ச்சி. வூடு தேடி வந்தது இது ஒண்ணுதான். வழி தெரிஞ்ச கட்டைய மக்கப் போட்டுட்டு, தெரியாத கட்டையக் கட்டிக்கினு போவச் சொல்றியா?"

நைனா துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு குனிந்து ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை அத்தை பிடித்தாள். கட்டை அசைவதாக இல்லை. அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு இரண்டு பேரையும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்து நடுவில் கை கொடுத்தாள்.

மறுநாள் விடியலில், அந்தக் கட்டையைச் சேர்த்துக் கட்டிய மரத்தில் நைனாவோடு கூடப்போக ஒருவரும் முன்வரவில்லை. தனியாகவே போனார். வீட்டுச் சாமான்களைச் சுமந்துபோனவர்கள் கூடச் சுமையை மணலில் இறக்கிவிட்டுக் கடலைப் பார்த்து நின்றார்கள். அம்மா என் கையை விடவே இல்லை. அத்தை அலை விளிம்பில் நின்றாள். வெயில் ஏறியது, யாரும் சாப்பிடப் போகவில்லை.

முதலில் என் கண்ணில்தான் பட்டது என்று நான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். சின்னதாக ஒரு கறுப்புக் கோடு எழுந்து, மறைந்து, மறுபடி எழுந்தது. நைனா கரையேறினார். வலை நிறையச் சங்கரா மீன். கூட வரமாட்டேன் என்றவர்களெல்லாம் தண்ணீரில் குதித்து மரத்தை இழுத்தார்கள். "அலைமேல நல்லா ஏறுதும்மே" என்றார் நைனா அத்தையிடம். அம்மா மணலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அத்தை அந்தக் கட்டையை ஒருமுறை தடவினாள். பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மடியிலிருந்து தன் குங்குமச் சிமிழை எடுத்துக் கடலில் விட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டாள். திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் தன் குடிசையைத் தானே பிரித்து, ரோட்டைத் தாண்டி, புது இடத்தில் முதல் கழியை நட்டுவிட்டாள். அடுத்த நாள் மீன்கூடையோடு கிளம்பியும்விட்டாள்.

கட்டைக்கு இரண்டு தரம் வழி தெரிந்தது. மாமாவுக்கு உயிர் இருந்திருந்தால் தெரியாமலா போயிருக்கும்? ஊர் கூடி அழுது அழிக்க வேண்டிய பொட்டை அவள் தன் கையாலேயே அழித்தாள் என்பதும், கடல் சொன்னதை நம்பித்தான் அழித்தாள் என்பதும் எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பொட்டை அலை அடித்துவிட்டது, சிமிழைக் கைதவற விட்டுவிட்டாள் என்பதுதான்.

எல்லோரும் மீன் பிரிக்கப் போன பிறகு அந்தச் சிமிழ் ஈர மணலில் வந்து கிடந்தது. எடுத்தேன். சட்டையால் துடைத்து, உள்ளே போயிருந்த மணலை விரலால் வழித்துப் போட்டு, வெயிலில் காயவைத்தேன். புதுக்குடிசை எழும்பிய பிறகு, அத்தை வெளியே போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, கூரைக் கழியில் மாட்டியிருந்த கண்ணாடிக்குப் பக்கத்தில், அவள் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு வந்தேன்.