அகன்று தெரிந்த வாசல்

விற்பனைக்கு வந்த வீடொன்றை வீடியோ எடுக்கப் போகிற நாட்களில் என் ஸ்கூட்டியில் கமராப் பையோடு, கூட்டுவதற்கு ஒரு தும்புத்தடியும் வரும். அநேகமாக ஆட்கள் இல்லாத வீடுகள். உரிமையாளர்கள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். புரோக்கரிடம் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு போய், பல்லி எச்சத்தையும் செத்த கரப்பானையும் கூட்டித் தள்ளி, யன்னல்களைத் திறந்து, பழைய கலண்டர்களைக் கழற்றி, கொடியில் யாரோ விட்டுப்போன துவாயை மடித்து ஒளித்துவைத்த பிறகுதான் கமராவைத் தொடுவேன். அதற்குள் பாதி உயிர் போயிருக்கும்.

இதற்கு முன் பதினொரு வருடம் ஒரு ஸ்ரூடியோவில் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தாய் ஏன் இரண்டு இடத்தில் மட்டும் வருகிறார், பெண்ணின் கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று ஓயாத முறைப்பாடு. வீடுகள் வாய் திறக்காது என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு மாறினேன்.

வேலையை நானே பழகினேன். கிழக்குப் பார்த்த வீட்டைக் காலையில் எடுக்க வேண்டும். மேற்கென்றால் நாலு மணிக்குப் பிறகு. கமரா நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அறையின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால் மூன்று சுவரும் அகப்படும். நடந்துகொண்டு எடுக்கும்போது முழங்காலை மடித்து வாத்துப்போல நடந்தால்தான் படம் ஆடாது. அதனால்தான் என் முழங்கால்கள் இன்றைக்கு இப்படி நோகின்றன. கிணற்றுக்குள் வாளி இறங்கித் தண்ணீரைத் தொடுவதை மிகக் கிட்டவாக எடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்த இடத்தில் நிறுத்தித் திரும்பவும் பார்க்கிறார்கள் என்று புரோக்கர் சொல்லுவார். எல்லாவற்றுக்கும் மேலே அகல லென்ஸ். பத்தடி அறையை அது பதினாறடி ஆக்கிவிடும்.

கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட, மதில் கட்டிய வளவுக்குள் ஒரு வீடு. ஒரு பங்குனி மாதத்து வெயிலில் அதை எடுக்கப் போனேன். ரயில் வரும் நேரங்களைக் கேட்டு வைத்துக்கொண்டு இடைவெளிகளில் எடுத்தேன். சத்தத்தை அழித்துவிட்டு வீணை போடத்தான் போகிறோம். ஆனால் ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி நடுங்குவது படத்தில் தெரிந்துவிடும்.

நடு அறையிலிருந்து குளியலறைக்குப் போக ஒடுங்கிய வழி ஒன்று இருந்தது. இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன், சுவர்தான் தெரிந்தது. கடைசியில் நிலத்தில் குந்திக் கமராவைத் தரையோடு வைத்துக் கொஞ்சம் மேல்நோக்கிச் சரித்தேன். இரண்டு சுவர்களும் விலகிக் கொடுத்தன. கடைசியில் இருந்த குளியலறை வாசல் ஆஸ்பத்திரி வாசல்போல அகலமாக, வெளிச்சமாக வந்தது. அன்றைக்கு என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே சந்தோஷமாக இருந்தது.

புரோக்கருக்கும் பிடித்துப் போனது. "தங்கச்சி, உதுதான் எனக்கு வேணும். உந்த மதில் வெடிப்பை மட்டும் வெட்டிவிடுங்கோ," என்றார். வெட்டிவிட்டேன். கொஞ்ச நாளிலேயே வீடு விலைப்பட்டது.

சில மாதங்கள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு.

"வீடியோ எடுத்த பிள்ளைதானே கதைக்கிறது? கொக்குவில் வீடு. ஒருக்கா வந்திட்டுப் போக ஏலுமோ?"

வாங்கியவர்கள் புதுவீட்டுக் குடிபூரலை வீடியோ எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கமராவோடு போனேன்.

வீட்டை வாங்கியவர் அறுபது கடந்த, மெலிந்த மனிதர். லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவிக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இயங்காது. சக்கர நாற்காலியில் நடு அறையில் இருந்தார். குளியலறைக்குப் போகிற வழியின் தொடக்கத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் பெயின்ற் உரிந்து கிடந்தது. நாற்காலி முட்டிய அடையாளம். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

வீட்டுக்கார அண்ணை தன் போனை என் கையில் தந்தார். என் வீடியோ அந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது.

"இதுதானே அந்த வாசல்?"

"ஓம் அண்ணை."

"நான் அளவு கேக்கேல்லை. அது என்ரை பிழைதான். பாக்கேக்கை ரெண்டு வீல்செயர் பக்கத்திலை பக்கத்திலை போகும்போலை கிடந்தது."

அவர் ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். பிழையைத் தன்மேல் போட்டுக்கொண்ட மனிதரிடம் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

நாற்காலியில் இருந்த அக்கா மெதுவாக, ஆனால் தெளிவாகக் கதைத்தார். "பிள்ளை, எடுத்தாப் பிறகு நீங்கள் ஒருக்காப் பாத்திருப்பியள்தானே. உள்ளதைவிடப் பெரிசாக் கிடக்கு எண்டு அப்பவே தெரியுமோ?"

லென்ஸைக் குறை சொல்லலாம். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்று சொல்லலாம். களைப்பாக இருந்தது.

"ஓம் அக்கா. தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். "நான் லண்டனிலை அதை ஒவ்வொரு நாளும் போட்டுப் பாத்தனான். எந்த மூலையிலை கட்டில், எந்த யன்னலுக்குக் கிட்ட மேசை எண்டு எல்லாம் யோசிச்சு வைச்சிட்டன். உந்த வழியாலை மனசுக்குள்ளை நானே உருட்டிக்கொண்டு எத்தினை தரம் போய் வந்தனான் தெரியுமோ."

வந்த நாளிலிருந்து அண்ணைதான் அவரைத் தூக்கிப் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிக் குளியலறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். மூன்று நாளைக்கு முன் அண்ணைக்கு நாரி பிடித்து, குனிய முடியாமல் போய்விட்டது. மூன்று நாளாக அக்கா குளிக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் குளிக்க வார்த்து விடுறன், அக்கா," என்றேன். அதைச் சொல்லுவேன் என்று எனக்கே தெரியாது.

கிணற்றடியில் பழைய சேலை இரண்டை மறைப்பாகக் கட்டினோம். அண்ணை முன்பக்கம் போய்விட்டார். அக்காவின் தலைமயிரில் எண்ணெய்ப் பிசுக்கு. இடக்கையை நான் தூக்கிப் பிடித்துத்தான் சோப் போட வேண்டியிருந்தது. மற்றவர்களின் வீட்டுக் கிணறுகளை எத்தனையோ தரம் எடுத்திருக்கிறேன். அவற்றில் இருந்து ஒரு வாளி தண்ணீர் அள்ளியது அன்றைக்குத்தான். நாலாவது வாளியில் ரயில் வந்தது. அக்கா வலக்கையால் நெஞ்சை மறைத்துக்கொண்டார்.

"ரயிலிலை இருக்கிறவைக்கு இஞ்சை தெரியுமோ?"

அவருடைய உயரத்துக்குக் குந்திப் பார்த்தேன். மதிலுக்கு மேலே பெட்டிகளின் கூரை மட்டும் ஓடியது.

"தெரியாது, அக்கா."

"இப்ப சொல்லுறது உண்மைதானே?"

கேட்டுவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன்.

அடுத்த நாள் எனக்குத் தெரிந்த மேசன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த வழியில் கை வைத்தால் கூரை இறங்கும் என்றார். படுக்கை அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த சுவரை உடைத்துப் புதிதாக ஒரு வாசல் வைக்கலாம் என்று முடிவானது. இரண்டு கிழமையில் முடிக்கிறேன் என்றவர் ஒன்றரை மாதம் எடுத்தார். அந்த நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் போய் அக்காவைக் குளிக்க வார்த்தேன். எடுத்த வீடியோக்கள் வெட்டாமல் குவிந்தன. என் வீட்டில் சமையல் பிந்தியது. கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கும் சில நாட்களில் ஆத்திரம் வந்தது. யார் எந்த வாசலால் போனால் எனக்கென்ன என்று ஸ்கூட்டியில் போகும்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் சேலையைக் கட்டி, தண்ணீரை அள்ளத் தொடங்கிவிடுவேன்.

வாசல் முடிந்த அன்று அக்கா ஒருவரையும் தள்ள விடவில்லை. வலக்கையாலும் வலக்காலாலும் தானே நாற்காலியை நகர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

"ஒண்டும் முட்டேல்லை," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வெளியே வரவில்லை. அண்ணையும் நானும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "தேத்தண்ணி குடிப்பமோ?" என்றார்.

அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் இப்போது அதிகம் போவதில்லை.

அகல லென்ஸை நான் விடவில்லை. சின்ன அறைக்குள் அது இல்லாவிட்டால் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் அளவு நாடாவைப் பிடித்துக் காட்டி, அகலத்தை என் குரலிலேயே சொல்கிறேன். படிகளை எண்ணிச் சொல்கிறேன். வீணையைக் குறைத்து, ரயில் சத்தத்தைக் கொஞ்சம் விட்டுவைக்கிறேன்.

"உதென்ன தங்கச்சி, வீடு விக்கிற வீடியோவோ, மேசன்மாருக்குப் பாடமோ?" என்று புரோக்கர் கேட்டார். பிறகு கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்.

போன மாதம் வல்வெட்டித்துறையில் கடலுக்குக் கிட்ட ஒரு மாடி வீடு. மேல் அறைக் கூரையில் உப்புக்காற்று கொங்கிறீற்றுக்குள் இருந்த கம்பியைத் தின்றதில் சீமெந்து பிளந்து நின்றது. அதையும் எடுத்து, அங்கிருந்தே போனில் அனுப்பினேன். உரிமையாளர் கனடாவிலிருந்து உடனே கூப்பிட்டார்.

"உதை ஏன் காட்டுறியள்? வீட்டை விக்கத்தானே உங்களைக் கூப்பிட்டது, ஆக்களை வெருட்டவே?"

"வாங்கிறவை அதுக்குக் கீழைதானே படுக்கப் போகினம், அண்ணை."

"அந்தத் துண்டை வெட்டுங்கோ."

"ஏலாது."

அவர் போனை வைத்துவிட்டார். யன்னல்களைச் சாத்தி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, கடற்கரை வீதியில் எதிர்க்காற்றோடு ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேர்ந்து, சோறுகூடப் போட்டுச் சாப்பிடாமல் பாயைப் போட்டுப் பின்னேரம் வரை ஒரு யோசனையும் இல்லாமல் படுத்து நித்திரை கொண்டேன்.